குஜிரிக்குப் போகாத ரயில்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்கள் வெளிநாடு போவதில் ஒரு விசேஷம் உண்டு. ஊர் பார்க்கப் போகமாட்டோம். மிஷின் பார்க்கப் போவோம். கம்பெனி ஜெர்மனியில் ஏதாவது ஒரு கிரைண்டிங் மிஷினுக்கு ஆர்டர் கொடுத்திருக்கும். அதைப் பெட்டியில் போட்டு ஆணி அடிக்குமுன் நம் ஆள் ஒருத்தர் நேரில் போய் ஓட்டிப் பார்த்து, 'சரியாத்தான் இருக்கு' என்று கையெழுத்துப் போடவேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்குத்தான் பாஸ்போர்ட், விசா, கடன் வாங்கின கோட்டு, மாமியார் கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சல் எல்லாம்.

2017-ல் அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கூட இன்னொருவர். பெயர் வேண்டாம். அவருக்கும் ஓசூரில்தான் வீடு, எனக்கும் ஓசூரில்தான் வீடு. பர்ச்சேஸ்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மெயின்டனன்ஸ்.

திங்கள் முதல் வெள்ளி வரை மிஷின். சனிக்கிழமை துணி துவைப்பது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பர்ச்சேஸ்காரர் ஒரு முழ நீளத்துக்கு லிஸ்ட் வைத்திருந்தார். மச்சினிக்கு சென்ட், மச்சானுக்கு ஷேவிங் செட், பக்கத்து வீட்டுக்குச் சாக்லேட், எதிர் வீட்டுக்குச் சாக்லேட்டில் கொஞ்சம் மலிவு. காலையில் குளித்து, சென்ட் போட்டுக்கொண்டு கிளம்பினவர் அரை மணியில் திரும்பி வந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஸார், ஞாயித்துக்கெழம எல்லாக் கடையும் மூடியாம். நம்மூர்ல பந்த்துக்குக்கூட ஒரு ஷட்டராவது பாதி தொறந்திருக்கும் ஸார்!"

ஜெர்மனியில் அப்படித்தான். ஞாயிறு என்றால் கடை கிடையாது. திறந்திருப்பது சர்ச்சும் மியூசியமும். எங்கள் ஹோட்டலிலிருந்து ரயிலேறினால் ஜின்ஸ்ஹைம் என்று ஒரு சின்ன ஊர். அங்கே டெக்னிக் மியூசியம் இருப்பதாக வரவேற்பறைப் பெண் சொன்னாள். நான் கிளம்பினேன். வேறு கதியில்லாமல் பர்ச்சேஸ்காரரும் கிளம்பினார். டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து, "இதுக்கு ஒரு சென்ட் பாட்டில் வந்திருக்கும்" என்று பெருமூச்சு விட்டார்.

நம் ஊரில் மொட்டை மாடியில் வத்தல் காயவைப்பார்கள். அவர்கள் விமானம் காயவைத்திருக்கிறார்கள். மியூசியத்துக் கூரைமேல், மூக்கை ஆகாசத்துக்குத் தூக்கிக்கொண்டு இரண்டு விமானங்கள். ஒன்று ஏர் பிரான்ஸ் ஓட்டின கான்கார்டு. இன்னொன்று ரஷ்யாக்காரர்களின் டுபோலேவ்-144. இரண்டும் ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பறந்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உலகத்திலேயே இந்த ஓர் இடம்தான்.

இரண்டுக்கும் பெரிய போட்டி. ரஷ்யாக்காரர்கள் 1968 டிசம்பர் 31-ந் தேதி, வருஷம் முடிய ஒரே நாள் மிச்சமிருக்கும்போது பறக்கவிட்டு முந்திக்கொண்டார்கள். கான்கார்டு 1969 மார்ச்சில் பறந்தது. ஆனால் முந்தினவர் ஜெயிக்கவில்லை. டுபோலேவ் பயணிகளை ஏற்றிக்கொண்டு மொத்தமே 55 தடவைதான் போய்வந்தது. 1978-ல் நிறுத்திவிட்டார்கள். கான்கார்டு 2003 வரை தாக்குப் பிடித்தது.

படியேறி உள்ளே போகலாம். விமானம் சரிந்து நிற்பதால் உள்ளே நடப்பது கிருஷ்ணகிரி சையத் பாஷா மலை ஏறுவது மாதிரி இருக்கிறது. சீட்டெல்லாம் நம் டவுன் பஸ் அகலம்தான். இதில் உட்கார்ந்து பாரிஸிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணியில் போயிருக்கிறார்கள். எனக்கு ஓசூரிலிருந்து கிளம்பி சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி மல்லேஸ்வரத்தில் மச்சான் வீட்டுக்குப் போய்ச்சேர ஏறக்குறைய அதே நேரம் ஆகும். கான்கார்டில் ஷாம்பெய்ன் கொடுத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கீழே ஹாலில் நீராவி என்ஜின்கள். வரிசையாக, கறுப்பாக, யானைக் கொட்டடியில் நிற்கிற மாதிரி. நான் அங்கேயே நின்றுவிட்டேன். மெயின்டனன்ஸ்காரனுக்கு நீராவி என்ஜின் மாதிரி ஒரு சுகம் கிடையாது. காரணம் சொல்கிறேன். இன்றைக்கு வரும் மிஷின் ஒரு மூடின பெட்டி. ஒரு ஸ்கிரீன். கோளாறு என்றால் அதில் ஒரு நம்பர் வரும். நம்பரைப் புத்தகத்தில் தேடினால், 'கம்பெனியைத் தொடர்பு கொள்ளவும்' என்று இருக்கும். நீராவி என்ஜினுக்கு ஒளிவு மறைவே கிடையாது. நெருப்பு இங்கே, தண்ணீர் அங்கே. ஆவி சிலிண்டருக்குள் போய் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் ராடைத் தள்ளுகிறது, ராடு சக்கரத்தைச் சுற்றுகிறது. எல்லாம் வெளியே தெரிகிறது. ஐந்து வயசுப் பையனுக்கும் புரியும். புரிந்தது என்பதற்குச் சாட்சி, ஓர் அப்பாவின் தோளிலிருந்த குழந்தை கையை முன்னும் பின்னும் ஆட்டி 'ச்சுக் ச்சுக்' என்றது. நம் ஊர்க் குழந்தையும் அப்படித்தான் சொல்லும். என்ஜின் பாஷைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

பர்ச்சேஸ்காரர் என்ஜினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார்.

"எழுபது, எம்பது டன் தேறும் ஸார். ஸ்கிராப் ரேட்டுக்கே நல்ல காசு. ஏன் சும்மா நிறுத்தி வெச்சிருக்காங்க?"

அவரைக் குற்றம் சொல்லவில்லை. எங்கள் பாக்டரி டிஸ்போசல் கமிட்டியில் அவர் ஒரு மெம்பர். நானும் ஒரு மெம்பர்.

அடுத்த வாரம் வேலை மியூனிக் பக்கம். அங்கே ஊருக்கு வடக்கே, லோக்கல் ரயிலில் போகிற தூரத்தில், ஷ்லைஸ்ஹைம் என்று ஒரு பழைய விமானத் தளம். 1912-ல் ஆரம்பித்தது. பழைய ஹாங்கரைச் சரிபண்ணி, மியூனிக்கின் புகழ்பெற்ற டாய்ச்சஸ் மியூசியத்தின் விமானக் கிளையை 1992-ல் அங்கே திறந்திருக்கிறார்கள். அந்த ஞாயிறும் கடை இல்லை. ஆகவே அந்த ஞாயிறும் மியூசியம். பர்ச்சேஸ்காரர் விதியை நொந்துகொண்டு பின்னால் வந்தார்.

உள்ளே ஏகப்பட்ட விமானங்கள். கிளைடர், ஹெலிகாப்டர், போர் விமானம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனவன் ஒன்றின் முன்னால் நின்றேன். பென்சில் சீவின மாதிரி மூக்கு. பின்னுக்குச் சாய்ந்த இறக்கை. வாலைப் பார்த்தேன். காவி, வெள்ளை, பச்சை.

நம் கொடி!

போர்டைப் படித்தேன். எச்.எஃப்-24 மாருத். கட்டியது ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், பெங்களூர்.

பர்ச்சேஸ்காரர் முதல் தடவையாக ஒரு பொருளை ரூபாயில் பெருக்காமல் பார்த்தார். "ஸார், இது நம்ம மாரத்தஹள்ளி ஃப்ளைட்டு!"

கதை என்னவென்றால், கர்ட் டாங்க் என்று ஒரு ஜெர்மன் டிசைனர். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மனிக்கு ஃபோக்கே-வுல்ஃப் 190 என்ற பேர்போன சண்டை விமானத்தைப் போட்டுக்கொடுத்தவர். தோற்ற பிறகு அவர்கள் நாட்டில் விமானம் கட்டத் தடை. ஆசாமி அர்ஜென்டினா போய், அங்கிருந்து 1956-ல் பெங்களூர் வந்து சேர்ந்தார். நம் ஆட்களை வைத்துக்கொண்டு மாருத்தை வரைந்தார். 1961 ஜூன் 17-ந் தேதி அது பெங்களூர் ஆகாயத்தில் பறந்தது. மொத்தம் 147 கட்டினார்கள். உடம்புக்கு ஏற்ற என்ஜின் கடைசிவரை கிடைக்கவில்லை. நினைத்த வேகம் வரவில்லை. ஆனாலும் 1971 யுத்தத்தில் ராஜஸ்தான் எல்லையில் நன்றாகவே சண்டை போட்டது. 1990 வாக்கில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

தங்கள் ஊர்க்காரர் எங்கேயோ கண்காணாத தேசத்தில் வரைந்த விமானம் என்று ஜெர்மன்காரர்கள் அதைக் கொண்டுவந்து, துடைத்து, போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற நான் அதை முதன்முதலில் பார்த்தது மியூனிக்கில்.

கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக வெட்கப்பட இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

*

2019. இந்தத் தடவை இங்கிலாந்து. பத்து நாள் டிரெயினிங். இடையில் ஒரு சனிக்கிழமை, யார்க் நகரத்து நேஷனல் ரயில்வே மியூசியம். அனுமதி இலவசம். (பர்ச்சேஸ்காரர் வரவில்லையே என்று வருத்தப்பட்டேன்.)

அங்கே மல்லார்ட் என்று ஒரு என்ஜின். நீலக் கலரில், முகம் வழுக்கினாற்போல, நிற்கும்போதே ஓடுகிற மாதிரி இருக்கிறது. 1938 ஜூலை 3-ந் தேதி மணிக்கு 126 மைல் போயிற்று. அதாவது 203 கிலோமீட்டர். நீராவி என்ஜினில் இன்றைக்கும் அதுதான் உலக ரிக்கார்டு. என் மனசுக்குப் பிடித்த விஷயம் அதுவல்ல. ரிக்கார்டு பண்ணின கையோடு அதன் பேரிங் சூடேறி, பீட்டர்பரோ ஸ்டேஷனில் மல்லார்டைக் கழற்றிவிட்டு வேறு பழைய என்ஜினைப் போட்டுத்தான் ரயில் லண்டன் போயிருக்கிறது. இதையும் ஒளிக்காமல் சொல்கிறார்கள். ரிக்கார்டு பண்ணினவர் பேர் ஊருக்கெல்லாம் தெரிகிறது. அன்று ராத்திரி பேரிங்கைக் கழற்றினவன் எவனோ, அவன் என் ஜாதி. மெயின்டனன்ஸ் ஜாதி.

இந்த மியூசியங்களுக்கெல்லாம் ஆரம்பம் எது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் 'பஃபிங் பில்லி' இருக்கிறது. 1813, 1814-ல் நிலக்கரிச் சுரங்கத்துக்காகச் செய்தது. இன்றைக்கு மிச்சமிருக்கும் நீராவி ரயில் என்ஜின்களில் அதுதான் மூத்தது. 1862 வரை, கிட்டத்தட்ட 50 வருஷம், கரி இழுத்திருக்கிறது. அதன் கூடப்பிறந்த என்ஜின் ஒன்று எடின்பரோவில் இருக்கிறது. 1822-ல் படகுக்காரர்கள் ஸ்டிரைக் பண்ணினபோது அந்த என்ஜினைத் தூக்கிப் படகில் வைத்து, துடுப்புச் சக்கரம் மாட்டி, நிலக்கரிப் படகுகளை இழுக்கவிட்டார்களாம். ரயிலை ஓடம் ஆக்கின புண்ணியவான்கள். நம் ஊர் டீசல் பம்ப்செட்டை மீன்பாடி வண்டியில் மாட்டுகிற மூளை அங்கேயும் இருந்திருக்கிறது.

1862-ல் அந்தக் கிழட்டு என்ஜின் நியாயமாக உருக்கத்தான் போயிருக்க வேண்டும். இரும்புக்கு விலை உண்டு. யாரோ ஒருத்தர், 'இது போகவேண்டாம்' என்றிருக்கிறார். அவ்வளவுதான். ரைட் சகோதரர்களின் முதல் விமானம் இருக்கிறதே, 1903-ல் முதல் தடவை 12 விநாடி, 120 அடி பறந்தது. அதைத் தன் சொந்த நாட்டு மியூசியம் சரியாக மதிக்கவில்லை என்று ஆர்வில் ரைட்டுக்குக் கோபம். 1928-ல் லண்டனுக்கு அனுப்பிவிட்டார். அமெரிக்கா தப்பை ஒப்புக்கொண்டு, அது வாஷிங்டனுக்குத் திரும்ப 20 வருஷம் ஆயிற்று. ஒரு பழைய மரமும் துணியும் சேர்ந்த கூட்டுக்காக இத்தனை மனஸ்தாபம்!

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே யார்க்கில் ஒரு மூலைக்கு வந்தேன். அங்கே பெரிய சாமான் எதுவும் இல்லை. டிக்கெட் மிஷின், கொடி, விசில், மணி. ஒரு வரிசை முழுக்கக் கைவிளக்கு. ரயில்வேக்காரர்கள் ராத்திரியில் பிடிக்கிற விளக்கு. உள்ளே எண்ணெய்த் திரி. தலையைப் பிடித்துத் திருகினால் உள்ளேயிருக்கும் கண்ணாடி மாறி வெள்ளை, சிவப்பு, பச்சை.

கால் நகரவில்லை. அந்த விளக்கு எனக்குத் தெரியும். அதைத் திருகியிருக்கிறேன்.

*

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாத ஒரு சமாசாரம் சொல்கிறேன். கிருஷ்ணகிரிக்கு ஒரு காலத்தில் ரயில் இருந்தது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக வழி வேண்டும் என்று வெள்ளைக்காரன் போட்ட குட்டி ரயில். தண்டவாளத்துக்கு நடுவே இரண்டரை அடிதான் அகலம். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் ஒன்று. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் ஒன்று. அது 1913-ல் ஓசூர் வரை நீண்டது. பஸ் வந்தது, ரயிலில் கூட்டம் குறைந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள் இரண்டு பாதையையும் மூடிவிட்டார்கள். ஓசூருக்குப் பிற்பாடு சேலம்-பெங்களூர் லைன் வந்தது. கிருஷ்ணகிரிக்கு வரவேயில்லை. மாவட்டத் தலைநகரம். மாம்பழத்துக்குப் பேர்போன ஊர். ஸ்டேஷன் கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ரயில் வரும். தேர்தல் போனதும் அதுவும் போய்விடும்.

என் தாத்தா அந்தக் குட்டி ரயிலில் பாயின்ட்ஸ்மேன். தர்மபுரிக்கும் ஓசூருக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷன். லைனை மூடினபோது வேறு ஊருக்குப் போ என்றார்களாம். போகவில்லை. ராகி விதைத்துக்கொண்டு ஊரிலேயே இருந்துவிட்டார். ரயில்வேயிலிருந்து அவரிடம் மிஞ்சினது ஒரு கைவிளக்கு. அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். "லைனே போச்சு, யார்கிட்ட குடுக்கறது?" என்பார்.

ராத்திரி கரண்ட் போனால் அந்த விளக்குதான். என்னையும் தம்பியையும் உட்காரவைத்துத் திருகிக் காட்டுவார். "இது வெள்ள, சாதாரணம். இது பச்சை, போலாம். இது செவப்பு. செவப்புன்னா எமனே வந்தாலும் நிக்கணும்டா."

1990-ல் நான் பாலிடெக்னிக்கில் முதல் வருஷம். பையில் காசு கிடையாது. பரண்மேல் விளக்கு கிடந்தது. எடுத்துக்கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். எங்கள் பக்கம் அதற்குக் குஜிரி என்று பேர். கடைக்காரர் தராசில் வைத்தார். பித்தளைப் பாகத்துக்கு ஒரு ரேட், தகரத்துக்கு ஒரு ரேட். கண்ணாடிக்கு ஒன்றும் கிடையாது. அதை அங்கேயே தட்டிவிட்டார். சிவப்பும் பச்சையும் மண்ணில் விழுந்தன. 45 ரூபாய். இரண்டு சினிமா, நாலு புரோட்டா, மிச்சத்துக்குப் பேனா.

நாலைந்து நாள் கழித்துத் தாத்தா கேட்டார். "டேய், வெளக்க பாத்தியாடா?"

"இல்லியே தாத்தா."

அவர் மறுபடி கேட்கவில்லை. பரணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுத்த வருஷம் போய்விட்டார். தெரிந்துதான் கேட்கவில்லையா, தெரியாமலே போனாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

யார்க்கில் அந்த விளக்கு கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. தொடக்கூடாது. அங்கே வழிகாட்டுகிற ஒரு பெரியவர், எழுபது வயசிருக்கும், ரயில்வேயில் ரிடையரானவர், சம்பளமில்லாமல் வந்து நிற்கிறார், என் பக்கத்தில் வந்தார். ஏதாவது வேண்டுமா என்றார். என் தாத்தா இந்த விளக்கு வைத்திருந்தார் என்றேன். எந்த லைன் என்றார். மொரப்பூர், ஓசூர் என்றேன். அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அடுத்த கேள்வி கேட்டார் பாருங்கள்.

"என்ன கேஜ்?"

"இரண்டு அடி ஆறு அங்குலம்."

ஆ, என்று தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினார். தூரத்துச் சொந்தம் மாதிரி கையைக் குலுக்கினார். "விளக்கு இப்போது உங்களிடம்தான் இருக்கிறதா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை மத்தியானம், ஐயாயிரம் மைல் தள்ளி, முன்பின் தெரியாத ஒருத்தரிடம், "இல்லை, தொலைந்துவிட்டது" என்று இரண்டாம் தடவையாகப் பொய் சொன்னேன்.

*

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பையனை பைக்கில் ஏற்றிக்கொண்டு பெங்களூர் போனேன். கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா மியூசியம். அங்கே ஒரு மாருத் இருக்கிறது. கப்பன் பார்க்குக்கு எத்தனை தடவை போயிருக்கிறேன். பக்கத்து ரோட்டில் இருந்ததைப் பார்க்காமல் மியூனிக்குக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், அதுவும் கம்பெனி காசில். பழைய ஏர்போர்ட் ரோட்டில் எச்.ஏ.எல். நடத்தும் விமான மியூசியம் இருக்கிறது. 2001-ல் திறந்தது. அங்கேயும் மாருத் உண்டு. மைசூரில் ஸ்டேஷன் பக்கத்திலேயே ரயில் மியூசியம். சென்னைவாசிகளுக்கு வில்லிவாக்கத்தில் ஐ.சி.எஃப். பக்கம் ஒன்று. 1855-ல் இங்கிலாந்தில் செய்து, நூறு வருஷத்துக்குமேல் வெறும் காட்சிப் பொருளாக நின்ற என்ஜின் ஒன்றைப் பெரம்பூர் ஒர்க்ஷாப்காரர்கள் 2010-ல் உயிர்கொடுத்து ஓட்டியே காட்டிவிட்டார்கள். இ.ஐ.ஆர்.-21 என்று பெயர். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், புளிக்காய்ச்சல்கூட வேண்டாம்.

வெளிநாடு போகும் தம்பிமார்களுக்கு அனுபவத்தில் இரண்டே யோசனை. ஒன்று, மியூசியத்தில் எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். நாலு சாமான் முன்னால் நன்றாக நில்லுங்கள். இரண்டு, போர்டைப் படிப்பதைவிட அங்கே நிற்கிற கிழவரிடம் பேசுங்கள். அவருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், உங்களுக்குக் கொஞ்சம் தெரியும், என்ஜின் இரண்டு பேருக்கும் தெரியும். போதும்.

பையன் கேட்டான்: "அப்பா, ஓசூர்ல ஒண்ணுமே இல்லியா?"

இருக்கிறது என்றேன். பெலகொண்டப்பள்ளியில் ஏழாயிரம் அடி ரன்வே இருக்கிறது. தொண்ணூறுகளில் அங்கே தனேஜா கம்பெனிக்காரர்கள் இத்தாலிய டிசைனில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார்கள். 2024-ல் ஓசூருக்குப் பெரிய சர்வதேச விமான நிலையமே வரும் என்று சட்டசபையில் அறிவித்தார்கள். லாரி, ஸ்கூட்டர், கைக்கடிகாரம், எல்லாம் இங்கே செய்கிறோம். நாற்பது வருஷத்துக்குமேல் ராத்திரி பகலாக மூன்று ஷிப்டில் செய்கிறோம். ஆனால் செய்ததைக் காட்ட ஓர் அறை? பையன் என் முகத்தையே பார்த்தான். என்னிடம் பதில் இல்லை.

சென்ற வருஷம் டிஸ்போசல் கமிட்டி கூடினது. லிஸ்டில் ஏழாவது ஐட்டம், எச்.எம்.டி. லேத் ஒன்று. எண்பதுகளில் எங்கள் பாக்டரிக்கு வந்த முதல் லேத். எத்தனையோ அப்ரென்டிஸ் பையன்கள் அதில்தான் முதல் சில்லு வெட்டினார்கள். நானும் அதில்தான் முதன்முதலாக விரலையும் வெட்டிக்கொண்டேன். கை பட்டுப் பட்டு ஹேண்ட்வீல் பிடி வெள்ளி மாதிரி இளைத்திருக்கும். ஸ்கிராப் மதிப்பு எழுதியிருந்தது. மூன்று கையெழுத்து வேண்டும். இரண்டு விழுந்துவிட்டது. பேப்பர் என்னிடம் வந்தது.

பேனாவைத் திறந்தேன். பித்தளைக்கு ஒரு ரேட், தகரத்துக்கு ஒரு ரேட்.

மூடிவிட்டேன்.

"என்ன ஸார், ஏழாம் நம்பர் தங்கத்துல பண்ணினதா?" என்றார் பர்ச்சேஸ்காரர். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்சநேரம் பேசவில்லை. மியூனிக் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தன் கையெழுத்தை ஒரு கோடு போட்டு அடித்தார். "இந்த ஃபைலு மேல போனா என்ன பதில் சொல்றதுன்னு நீங்களே யோசிச்சு வைங்க" என்றார்.

மேலே போயிற்று. பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார்: எத்தனை சதுர அடி அடைக்கும்? சொன்னேன். அப்ரென்டிஸ் வகுப்புக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி வைத்துக்கொள், தூசி இருக்கக்கூடாது, ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார்.

இப்போது அது அங்கே நிற்கிறது. பெயின்ட் அடித்து, எந்த வருஷம் வந்தது, முதலில் யார் ஓட்டினார் என்று தமிழில் ஒரு தகடு. இதை மியூசியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சம். காலை ஷிப்டு ஆள் ஒருத்தர் தினம் அதன்மேல் டிபன் பையை மாட்டிவிட்டுப் போகிறார். கண்டித்தால் இரண்டு நாள் கேட்கிறார்.

போன மாதம் அந்த முதல் ஓட்டுநரை வரவழைத்தோம். ரிடையராகிப் பத்து வருஷம் ஆகிறது. சூளகிரிப் பக்கம் வீடு. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தகட்டில் தன் பேரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனார். நான் அவசர அவசரமாக டிபன் பையை எடுத்தேன். அவர் ஹேண்ட்வீலைப் பிடித்து மெள்ள ஒரு சுற்று, திருப்பி ஒரு சுற்றுச் சுற்றினார். காதை வைத்துக் கேட்டார்.

"பேக்லாஷ் ஜாஸ்தியா இருக்கே தம்பி" என்றார். "எண்ண போடறதில்லியா?"

அன்றிலிருந்து வாரம் ஒரு தடவை எண்ணெய் போடுகிறோம்.